பேச்சாயி உட்கார்ந்த நாற்காலி

என் அக்கா பேச்சாயி செத்தபோது ஒட்டிய போஸ்டரில் அவளைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: முத்துக்கிருஷ்ணன் அவர்களின் மனைவி. மீதியை நான் சொல்கிறேன். நான் அவள் தங்கச்சி அய்யம்மாள். எனக்கு வாய் ஜாஸ்தி. அவளுக்கு வாயே கிடையாது.

வடமதுரையில் அவள் வாக்கப்பட்டுப் போன வீட்டில் ஒரு ஜோடி சீன நாற்காலி இருந்தது. மச்சான் முத்துக்கிருஷ்ணனின் அப்பா பினாங்கில் கடைவேலை பார்த்துவிட்டுக் கப்பலில் கொண்டுவந்தது. கன்னங்கரேல் என்று கெட்டி மரம். இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும். சாய்மானத்திலும் கைப்பிடியிலும் சிப்பியை வெட்டிப் பதித்துப் பூ, கொடி, குருவி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மச்சான் அதன் பெருமையை அளப்பார். ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்று பேங்க் மேனேஜர், வி.ஏ.ஓ. மாதிரி ஆட்களுக்கு. வீட்டுப் பொம்பளைகளுக்குத் தரை.

துடைக்கிற வேலை மட்டும் அக்காவுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பாள். இடுக்கிலிருக்கும் தூசியை ஈர்க்குச்சியால் எடுப்பாள். ஒரு குருவியின் கண் பெயர்ந்து விழுந்தபோது முந்தானையில் முடிந்துவைத்து, பிசின் தடவி ஒட்டினாள். இருபத்தைந்து வருஷம். ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நகையா கேட்டாள், நட்டா கேட்டாள் பாவி மகள்?

தொண்ணூற்றெட்டில் அவள் மகள் அறிவுச்செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்காவுக்கு அப்போதே முழங்கால் வீக்கம். அவள் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, காலியாக இருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். அக்கா நுனியில் உட்கார்ந்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கலர் பாட்டில்களோடு உள்ளே வந்த மச்சான் அதைப் பார்த்தார்.

"எந்திரி. நீ உக்கார்ற எடமா அது?"

அத்தனை பேர் முன்னால். எழுந்தாள். எழுந்ததோடு விட்டாளா? பழக்கத்தில், தான் உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். அவள் அழவில்லை. காப்பிக்குப் பால் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"இனி செத்தாலும் அதுல உக்கார மாட்டேன்டி."

எட்டு வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் நானே உட்காரச் சொல்லியும் மாட்டேன் என்றாள். துடைப்பதை மட்டும் விடவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் மஞ்சள்காமாலை. திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் பிணமாக வந்தாள். எங்கள் பக்கம் செத்தவர்களை வாசலில் நாற்காலியில் உட்கார வைப்பது வழக்கம். பந்தல்காரர் போட்ட பிளாஸ்டிக் சேரை மச்சான் தள்ளிவிட்டார். பெரிய ஆட்கள் மாலை போட வருவார்களாம், கௌரவமாக இருக்க வேண்டுமாம். சீன நாற்காலியைத் தூக்கிவரச் சொன்னார். அவள் சொன்ன சொல்லைச் சொல்லி, வேண்டாம் மச்சான் என்று கெஞ்சினேன். காதில் வாங்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, இடுப்பைச் சேர்த்துக் கட்டி உட்கார வைத்தார்கள். அவள் பிசின் தடவிக் கண் ஒட்டிவைத்த குருவி அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. மகராசி, எப்படி வைத்திருக்கிறார் பாருங்கள் என்று வந்தவர்கள் மச்சானைப் புகழ்ந்தார்கள்.

அவரும் தலையாட்டிக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுகிற பொம்பளைகளை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இப்பச் சொல்லுங்க மச்சான், எந்திரின்னு."

மச்சான் மாலையைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார்.