எண்ணிய பிறகே எடுக்கும் படம்

திண்டிவனத்தைச் சேர்ந்த ஆ. ஜெசிந்தா 1978ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று பிறந்தார். 1999இல் உடற்கல்வியில் பட்டயம் பெற்றார். மறு ஆண்டு முதல் ஒன்பதாண்டுகள் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராகப் பணியாற்றினார். 2009இல் அவ்வேலையை விட்டுக் கணவரின் ஸ்டுடியோவில் சேர்ந்தார். அவர் எடுத்த முதல் பெருங்குழுப் படம் 2011 ஜனவரி 17, காணும் பொங்கலன்று, அனந்தபுரத்தில் நடராசன் என்னும் விவசாயியின் வீட்டில் எடுக்கப்பட்டது. அதில் நின்றவர்கள் நாற்பத்து மூன்று பேர். 2024 டிசம்பர் முடிய அவர் எடுத்த குழுப் படங்கள் 418. மிகச் சிறிய குழு 22 பேர், மிகப் பெரியது 206 பேர். நாள், ஊர், குடும்பம், தலை எண்ணிக்கை என நான்கு பத்திகளில் இவை அனைத்தும் அவருடைய நோட்டில் பதிவாகியுள்ளன.

கணவர் பாஸ்போர்ட் அளவுப் படங்களையும் அச்சு வேலையையும் பார்த்துக்கொள்ள, ஜெசிந்தா வெளியூர் வேலைகளை ஏற்றார். பெண்கள் நிறைந்த வீடுகளில் பெண் ஒருவர் படமெடுக்க வருவதை விரும்பினார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நூறு பேரை அசையாமல் நிற்கவைக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் முறை இதுதான். விசில் ஊதுவார். வந்திருப்போர் அனைவரையும் சுவரோரம் உயர வரிசைப்படி நிற்கச் சொல்வார், பள்ளியில் காலை வணக்கத்துக்கு நிற்பதைப் போல. அறுபது வயதைக் கடந்தவர்கள்கூட அப்போது பிள்ளைகளாகிவிடுவார்கள். அனந்தபுரத்தில் ஒருவர், “டீச்சர், நான் ஹோம்வொர்க் எழுதிக்கினு வரல, வெளிய நிக்கட்டுமா?” என்று கேட்டார். “நில்லுங்க, ஆனா ரெண்டாவது வரிசையில நில்லுங்க” என்றார் ஜெசிந்தா. அன்றிலிருந்து அவர் செல்லுமிடமெல்லாம் அவருக்குப் பெயர் டீச்சர்தான்.

உயரம் தெரிந்த பிறகு வரிசைகள் பிரியும். தரையில் சிறுவர்கள், நாற்காலியில் மூத்தோர், அவர்களுக்குப் பின்னால் நிற்போர், அதற்குப் பின்னால் பெஞ்சின் மேல் நிற்போர், கடைசியில் மேசை மேல் நிற்போர். பெஞ்சும் மேசையும் ஏணியும் ராஜாமணியின் வண்டியில் வரும். குட்டியானை என்று ஊரார் அழைக்கும் சிறு சரக்கு வண்டி அது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்தான் ஜெசிந்தாவுக்கு வண்டியோட்டி, ஏணி பிடிப்பவர், சில நேரங்களில் விமர்சகர்.

எல்லாரும் நின்ற பின் ஜெசிந்தா ஏணியில் ஏறி, ஒவ்வொருவரும் தம் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்பார். ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்று, இரண்டு என எண் ஆளுக்கு ஆள் தாவும். கடைசி எண் ஒலித்த மறுகணம் படம் எடுக்கப்படும். தம் முறைக்காகக் காத்திருப்பவர் கண்ணை மூடுவதில்லை. சொல்லி முடித்தவர் முகத்தில் இறுக்கம் இருப்பதில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் அவர் கண்டுபிடித்த உண்மை இது. குடும்பத்தார் முன்பே தரும் பெயர்ப் பட்டியலோடு எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அவர் எடுக்கமாட்டார். 2017இல் திருவாமாத்தூரில் ஜெகதீசன் என்பவரின் குடும்ப விழாவில் பட்டியல் தொண்ணூற்று நான்கு, எண்ணிக்கை தொண்ணூற்று மூன்று. மும்முறை எண்ணியும் ஒருவர் குறைந்தார். அனைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, சமையல் பந்தலிலிருந்து, “மோரு பத்தலன்னா யாரு பதில் சொல்றது?” என்று ஒரு குரல் கேட்டது. விழாவை நடத்திய ஜெகதீசனேதான் அது. “ஐயா, நீங்க இல்லாம உங்க குடும்பத்த எடுத்தா எனக்குத்தான் பேஜாரு. ஜல்தியா வாங்க” என்று ஏணியிலிருந்தே அழைத்தார் ஜெசிந்தா.

படமெடுக்க வராதவரைப் பிறகு கணினியில் ஒட்டிச் சேர்ப்பது இன்று எந்த ஸ்டுடியோவிலும் அரைமணி நேர வேலை. ஜெசிந்தா மட்டும் அதை ஏற்பதில்லை. நின்றவர்களை மட்டுமே எடுப்பேன் என்று பதினொரு குடும்பங்களிடம் மறுத்திருக்கிறார். பன்னிரண்டாவது வேண்டுகோள் 2024 ஜூன் மாதம் கோட்டக்குப்பத்திலிருந்து தொலைபேசியில் வந்தது.

பக்ரீதுக்கு மறுநாள், ஜூன் 18 அன்று, முத்து முகம்மது, பரக்கத் நிஷா தம்பதியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உறவினர்கள் அனைவரும் கூடுவதாக ஏற்பாடு. பட்டியலில் எழுபத்தோரு பேர். மூத்த மகன் முன்பே ஜெசிந்தாவிடம் நாள் குறித்துவிட்டார். இப்போது அழைத்தவர் அந்த வீட்டின் கடைசி மருமகள் முஹ்சினா.

“டீச்சர், அவங்களுக்கு லீவ கேன்சல் பண்ணிட்டாங்க” என்றார். அவர் கணவர் அப்துல் ஹக்கீம் ஷார்ஜாவில் உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். “கூட வேல செஞ்சவரு ஊருக்குப் போனவரு திரும்பி வரலயாம். டிக்கெட்டுகூட போட்டாச்சி டீச்சர்.”

“அடடா. நாள வேணா மாத்திக்கலாமா?”

“எப்டி மாத்தறது? சவூதியிலேர்ந்து ரெண்டு மச்சான், சிங்கப்பூர்லேர்ந்து அவங்க அக்கா, எங்க லாத்தா, எல்லாம் இந்த ஒரு வாரம்தான் ஒண்ணா இருக்காங்க. 2009ல எடுத்தப்பவும் அவங்க வெளிநாட்டுல. 2016ல எடுத்தப்ப எனக்குக் கல்யாணம் ஆயி ஒரு வருசம், அப்பவும் அவங்க இல்ல. என் பக்கத்துல யாரோ ஒரு மாமி நிக்கிறாங்க.” முஹ்சினா தொடர்ந்தார்: “உன் மாப்பிள்ளை மனுசனா, கண்ணுக்குத் தெரியாத ஜின்னா, படத்துலயே வுழ மாட்றாரேன்னு கேலி பண்றாங்க டீச்சர். சிரிச்சிக்கினுதான் சொல்றாங்க. என் பொண்ணுக்கு ஆறு வயசு. அவ சிரிக்கல. இந்தத் தடவ எப்டியாவது அவங்கள அந்தப் படத்துல வச்சிடுங்க.”

யோசித்துச் சொல்வதாகக் கூறி ஜெசிந்தா போனை வைத்தார். மறுநாள் வேறொரு வேலைக்காக விழுப்புரம் செல்லும் வழியில் ராஜாமணியிடம் இதைச் சொன்னார்.

“ஒட்டமாட்டேன்னு பதினோரு வூட்ல சொல்லிக்கினு வந்தீங்க” என்றார் ராஜாமணி. “இப்ப ஒட்டுனா அந்தப் பதினோரு வூட்டுக்காரங்களும் என் வண்டியத்தான் மறிப்பாங்க.”

“அந்தாளு நெசமா நிக்கட்டும். இவங்களும் நெசமா எடம் வுடட்டும். அப்பறம் நான் என்னாப்பா பொய் சொன்னேன்?”

“அவரு ஷார்ஜாவுல நிப்பாரு. இவங்க கோட்டக்குப்பத்துல நிப்பாங்க. நடுவுல கடல் நிக்குமே.”

“வெயிலு ஒண்ணுதானே” என்றார் ஜெசிந்தா.

அன்று மாலையே முஹ்சினாவிடம் சம்மதம் சொன்னார். தொடர்ந்து ஹக்கீமுக்குக் குரல் பதிவாகக் குறிப்புகள் அனுப்பினார். மூன்றடி நீளமுள்ள கம்பு ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். படமெடுத்த நேரத்தில் இங்குள்ள மூன்றடிக் கம்பின் நிழல் எவ்வளவு நீளம் என்று தெரிவிக்கப்படும். அங்கும் நிழல் அதே நீளத்துக்கு வரும் பொழுதில், வெயில் வலக் கன்னத்தில் விழும்படி அவர் நிற்க வேண்டும். ஏணி ஒன்பதடி என்பதால், எடுப்பவரின் போனும் தரையிலிருந்து ஒன்பதடி உயரத்தில் இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது.

ஜூன் 18 பிற்பகல் வீட்டுக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பில் வரிசை தொடங்கியது. அந்தக் குடும்பத்தில் பெண்கள் ஒரு பக்கமாகவும் ஆண்கள் மறு பக்கமாகவும் நிற்பது வழக்கம். ஆகவே இரு பக்கமும் சந்திக்கும் நடு இடத்தை, மூன்றாம் வரிசையில், ஹக்கீமுக்காக ஜெசிந்தா ஒதுக்கினார். அந்த இடத்துக்கு ஒரு பக்கம் முஹ்சினா, மறு பக்கம் மூத்த அண்ணன். படத்தின் ஓரங்களில் முகங்கள் சற்று இழுபடும், நடுவில் இழுபடாது என்பதும் அவருடைய கணக்கில் இருந்தது.

முதல் சிக்கல் உயரம். ஹக்கீமைப் பிறகு படத்தில் சேர்க்கும்போது அவருக்குப் பின்னால் பெஞ்சில் நிற்பவர் முகம் மறையக் கூடாது.

“அஞ்சடி எட்டு” என்றார் அண்ணன்.

“எங்க, என் புள்ள அஞ்சு பத்து இருக்கும்” என்றார் நாற்காலியில் இருந்த பரக்கத் நிஷா.

“உங்களுக்கு உங்க புள்ள தென்னமரம்தாம்மா. அவன் என் காதுகிட்டதான் வருவான்.”

முஹ்சினா கையைப் படுக்கைவாட்டில் தூக்கித் தன் புருவத்தருகே வைத்தார். “அவங்க தோள் இங்க வரும் டீச்சர்” என்றார். ஜெசிந்தா இறங்கிவந்து டேப்பால் அளந்தார். நாலடி எட்டங்குலம். பின்னால் நின்றவரை அரையடி நகர்த்தினார்.

இரண்டாம் சிக்கல் எவரும் எதிர்பாராதது. இடம் நிற்க மறுத்தது. நெருங்கி நில்லுங்கள் என்று சொன்னால் பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் நடுவை நோக்கியே சரிந்தன. ஒவ்வொரு முறை ஏணியில் ஏறிப் பார்க்கும்போதும் இடைவெளி ஒரு சாணாகச் சுருங்கியிருந்தது.

“டீச்சர், நான் வேணா அங்க போய் நிக்கவா?” என்று கேட்டார் ராஜாமணி.

“நீ நின்னா உன்னத் தூக்கிட்டு அவர வைக்கணும். அதுக்கு வேற தனியா ஒரு நாள் வேணும். ஏணியப் புடி.”

பிறகு ஜெசிந்தா விளையாட்டு ஆசிரியராக யோசித்தார். விசில் ஊதி, மூத்த அண்ணனை இடக்கையை இடுப்பில் வைக்கச் சொன்னார். “முழங்கை வெளிய நல்லா நீட்டிக்கினு இருக்கணும். அது அப்பறம் தம்பி சட்டைக்குப் பின்னால மறைஞ்சிடும், கவலப்படாதீங்க. யாரு தள்ளுனாலும் கைய எடுக்காதீங்க.” ஐம்பத்தெட்டு வயது மனிதர் முழங்கையை நீட்டியபடி நின்றார். ஆண்கள் பக்கம் அவர்மேல் வந்து மோதி நின்றது. இடைவெளி நிலைத்தது.

நான்கு ஐம்பதுக்குக் கம்பின் நிழல் ஏழடி. எண்ணத் தொடங்கினார்கள். தரையில் பதினாறு, நாற்காலியில் பதின்மூன்று, மூன்றாம் வரிசை முப்பதில் தொடங்கியது. “முப்பத்தாறு” என்று முஹ்சினா சொன்னார். அடுத்துச் சொல்ல ஆளில்லை. முழங்கையோடு நின்ற அண்ணன் வாயைத் திறந்து, எந்த எண்ணைச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். நாற்காலியில் இருந்த முத்து முகம்மது திரும்பிப் பார்க்க முயன்றார்.

“அத்தா, திரும்பாதீங்க” என்றார் ஜெசிந்தா.

“முப்பத்தேழு” என்று முஹ்சினாவே சொன்னார்.

அண்ணன் “முப்பத்தெட்டு” என்றார். எண் மேசை மேல் நின்ற கடைசி ஆள்வரை சென்று எழுபத்தொன்றில் முடிந்தது. ஜெசிந்தா ஒரே ஒரு முறை அழுத்தினார்.

ஷார்ஜாவில் வேலை எளிதாக இருக்கவில்லை. முதல் நாள் நிழல் ஐந்தடியைத் தாண்டுமுன் முதலாளி கடைக்குள் அழைத்துவிட்டார். இரண்டாம் நாள் மணற்காற்றில் சூரியனும் தெரியவில்லை, கம்புக்கு நிழலும் இல்லை. மூன்றாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு நிழல் ஏழடி வந்தது. உடன் வேலை செய்யும் மலையாளி நண்பர் அடுக்கிய மரப்பெட்டிகள்மேல் ஏறி நின்று எடுத்தார். வந்த படத்தில் அளவு டேப்பும் தெரிந்தது. அளவு சொல்ல ஹக்கீமே தம் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்தார். தோள் நாலடி எட்டங்குலத்துக்கு ஒரு நூலளவு கீழே இருந்தது.

ஜெசிந்தா நான்கு நாள் அந்தப் படத்தோடு இருந்தார். நிறமும் நிழலும் பொருந்தின. அண்ணனின் முழங்கை ஹக்கீமின் சட்டைக்குப் பின்னால் மறைந்தது. நோட்டின் எண்ணிக்கைப் பத்தியில் எழுபது என்று எழுதி, அருகில் ‘ஷார்ஜா 1’ என்று சேர்த்தார். பிறகு, ஒட்டுவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஹக்கீமுக்கு அனுப்பினார்.

அன்றே அழைப்பு வந்தது.

“டீச்சர், ஹக்கீம் பேசறேன்.”

“பாத்தீங்களா தம்பி? கழுத்துகிட்ட பாருங்க. ஒட்டுன மாதிரி எங்கனா தெரியுதா?”

“எங்கயும் தெரியல டீச்சர். நானே அங்க போயிட்டு வந்த மாதிரி இருக்குது. முஹ்சினாவுக்கு அனுப்புனேன், எத்தினியோ வாட்டி பாத்துட்டா. பாப்பா விரல வச்சி எல்லாருக்கும் காட்டிக்கினு இருக்குதாம். வூட்ல எல்லாருக்கும் அதையே குடுங்க.” பிறகு கேட்டார்: “எனக்கு மட்டும் அந்த இன்னொண்ணுல ஒரு காப்பி போட்டு அனுப்புவீங்களா?”

“அது சரிபாக்க அனுப்புனதுப்பா. அதுல நீங்க இல்லியே.”

“அதான் டீச்சர். அதுல அண்ணன் முழங்கைய நீட்டிக்கினு நிக்கிறாரு பாருங்க, பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கற மாதிரி. சின்ன வயசுல எனக்கு ஒரு மிட்டாய்கூட வுட்டு வச்சதில்ல அவரு. அத்தினி பேரும் இடிச்சிக்கினு நிக்கிறாங்க. எனக்கு மட்டும் எடம் அப்டியே இருக்குது. இங்க ரூம்ல அத மாட்டிக்கிறேன் டீச்சர்.”

“முகவரிய அனுப்புங்க” என்றார் ஜெசிந்தா.

2024 ஜூலை 3 அன்று படங்கள் அச்சாயின. மொத்தப் பிரதிகள் 19. ஹக்கீம் இருப்பவை 18. இல்லாதது 1.