முப்பது ஆக்சிஜன் பயணங்களும் ஒரு ‘பரவாயில்லீங்க’வும்

வழக்கமாக இந்தப் பயணப் பக்கத்தில் ஊட்டி, வால்பாறை என்று எழுதுவேன். இந்த முறை வெள்ளகோவிலிலிருந்து கோயம்புத்தூருக்கு முப்பது தடவை போய்வந்த கதை. படிக்க இதமாக இருக்காது, கோபத்தில்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். முருங்கைக்காய் மண்டியில் நாள் முழுக்க நின்று எடை போடுகிறவர். போன ஆவணியில் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி இடது பாதத்தில் ஏறியது. மரத்துப்போன கால், அவருக்குத் தெரியவே இல்லை. உள்ளூரில் நான்கு மாதம் கட்டு மாற்றினார்கள். பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கோவை டாக்டர் முதலில் ரத்தக் குழாயை ஸ்கேன் செய்தார், பிறகு செத்த சதையை நீக்கினார். "இத்தோட அழுத்த ஆக்சிஜனும் முப்பது தடவை குடுத்துப் பார்க்கலாம்மா. ஆறலைன்னா காலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

திங்கள் முதல் வெள்ளி வரை போக வேண்டும். காலை 5.40 பேருந்து, காங்கேயம், பல்லடம் வழியாகச் சுமார் 85 கிலோமீட்டர். சிங்காநல்லூரில் 8.10க்கு இறங்குவோம். டிக்கெட் 75 ரூபாய், ஆட்டோ 120, ஒரு தடவை சிகிச்சைக்கு 2,500. கண்ணாடிக் குழாய்க்குள் படுக்கவைத்து மூடி, காற்றழுத்தத்தை ஏற்றி ஆக்சிஜன் விடுவார்கள். உள்ளே போய் வெளியே வர இரண்டு மணி நேரம். தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் தலைக்கு எண்ணெய் கூடாது, செல்போன் கூடாது, அவர்கள் தரும் பருத்தி உடை மட்டும்தான். இவர் முதல் நாளே தலை பளபளக்க விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு வந்து, சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே போனார். அதற்குச் சிரித்தேன்.

நான்காம் நாள் சிரிக்க முடியவில்லை. அழுத்தம் ஏறும்போது விமானத்தில் போவதுபோலக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், அடைப்பு விடாவிட்டால் உடனே சொல்ல வேண்டும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் மைக்கில் கேட்டாள். "ஏனுங்கய்யா, காது வலிக்குதுங்களா?"

"பரவாயில்லீங்க. நீங்க பாருங்க."

வெளியே வந்தபோது காதில் ரத்தம்.

"ஏனுங்க, வலிக்குதுன்னு சொல்லிப்போட்டா என்னங்க கொறஞ்சு போயிருவீங்க?"

"சின்னப் புள்ள அம்மணி. நம்மனால அவளுக்கு எதுக்குச் சிரமம் குடுக்கோணும்?"

"காலை எடுத்துப்போட்டா யாருக்குங்க சிரமம்?"

வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். செவிப்பறை ஆறப் பத்து நாள் நிறுத்திவைத்தார்கள். அதற்குள் அந்தக் காலின் சுண்டுவிரல் கறுத்து, அதை எடுக்க வேண்டியதாயிற்று. எப்படியும் போயிருக்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதன்பின் ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் சுருங்கினால் நானே நிறுத்தச் சொல்லிவிடுவேன். முப்பது முடிந்தபோது உள்ளங்கையளவு புண் நகத்தளவாகியிருந்தது. கால் தப்பித்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ரத்த ஓட்டம் பார்க்காமல் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்டாதீர்கள். இது எல்லாப் புண்ணுக்கும் பொருந்தாது. கட்டு மாற்றுவதும் பாதத்தில் எடை விழாமல் பார்ப்பதும் கூடவே நடக்க வேண்டும். உள்ளே சர்க்கரை இறங்கலாம், அதனால் சாப்பிட்டுவிட்டுப் போய், அளவு பார்த்த பிறகே படுங்கள். மரியாதையான மனிதரைக் கூட்டிப் போனால் கூடவே இருங்கள்.

கடைசி நாள் டாக்டர் வழக்கம்போல எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் கொஞ்சம் தயங்கிவிட்டு வலது செருப்பைக் கழற்றினார். "காத்தால கண்ணாடி வெச்சுப் பாத்தனுங்க. இந்தக் கால்லயும் குதிகால்கிட்டச் செவந்திருக்குதுங்க. கொஞ்சம் பாருங்க."

டாக்டர் பார்த்தார். புண்ணாகவில்லை, செருப்பை மாற்றினால் போதும் என்றார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை இவர் வாயிலிருந்து வரவழைக்க ஒரு விரலைக் கொடுக்க வேண்டியிருந்தது என்றுதான் ஆத்திரம் வந்தது.