அம்மா கை நீட்டினால் பஸ் நிற்கும்

நிறுத்தமே இல்லாத இடத்தில் பாபநாசம் பஸ் எங்கள் அம்மாவுக்காக நின்றிருக்கிறது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நாலாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நான் கண்ணால் பார்த்தவள்.

அம்மா பீடி சுற்றுவாள். விடிந்ததிலிருந்து மடியில் தட்டு, குனிந்த தலை. அந்த வருஷம் கழுத்தில் பிடித்த வலி தோள் வழியாக இறங்கி, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. பாதி சுற்றிய பீடி நழுவி விழும். அந்த இரண்டு விரலுக்கும் உணர்வு திரும்பாவிட்டால் அம்மாவுக்கு வேலை இல்லை என்பது எனக்கே புரிந்தது. அப்பா, "தைலத்தத் தேச்சிட்டுப் படு" என்று டிவியைப் பார்த்தபடியே சொன்னார். சலூன்காரர் அப்பாவுக்குக் கழுத்தில் சொடக்கு எடுப்பதுபோல அம்மாவுக்கும் எடுத்தால் போதும் என்பது அத்தையின் வைத்தியம். நல்லவேளை, அம்மா ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

அங்கே வலிக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ அக்கா அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்தாள். "எங்கன வலிக்கு? பைய சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுக் கழுத்தெலும்பு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். கழுத்தில் நெரிபட்ட நரம்புதான் விரல்வரை வலிக்கிறதாம். சனிக்கிழமைதோறும் வரச் சொன்னாள். வீட்டில் செய்யப் பயிற்சியும் உண்டு: கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை விரித்து, தலையை எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். காலை, மதியம், சாயங்காலம் பத்துப் பத்து தடவை.

அம்மா அதை மாத்திரைபோல எடுத்துக்கொண்டாள். மதியம் என்றால் பன்னிரண்டு மணி, ஒரு நிமிஷம் பிசகக் கூடாது. அன்று திரும்பும் வழியில் பன்னிரண்டு அடிக்கும்போது நாங்கள் ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தோம். அம்மா அங்கேயே நின்று கையை நீட்டினாள்.

கிறீச்சென்று பாபநாசம் பஸ் நின்றது!

"ஏறுதியளா இல்லியா?" என்று டிரைவர் கத்தினார்.

"ஏறலண்ணாச்சி. நரம்புக்குச் செய்யுதேன். இன்னும் ஏழு இருக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் குதித்த குதியில் என் செருப்பு அறுந்தது. அவ்வளவு பெரிய பஸ்ஸை எங்கள் அம்மா ஒரு கையால் நிறுத்திவிட்டாள்! அதன்பிறகு சனிக்கிழமை எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை கண்டக்டர் இறங்கியே வந்துவிட்டார். மூன்றாவது தடவை அதே டிரைவர். "நரம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நரம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை, அம்மா தட்டு நிறையச் சுற்றி முடித்தாள். ஒன்றுகூட விழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் இருந்த எல்லா வீட்டுக்கும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மறுநாள் பிசியோ அக்கா, "இன்னும் வலிக்கா?" என்று கேட்டாள்.

"வலிக்கத்தான் செய்யுது," என்றாள் அம்மா. "இன்னும் ரெண்டு மூணு வாரம் வாரேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லுதாவ அக்கா! நேத்து தட்டு நிறையச் சுத்திட்டாவ!"

அக்கா கைதட்டிச் சிரித்தாள். "அப்ப இனி இங்கன வரவேண்டாம். வீட்டுலயே செய்ங்க." அம்மாவும் சிரித்தாள். ஆனால் கட்டிலைவிட்டு உடனே எழுந்திருக்கவில்லை. "கடைசியா ஒருக்க அமுக்கி விடுதியளாம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

திரும்பி வரும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பொய் அம்பலமான வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே வலிக்கிறது என்று எங்கள் வீட்டில் அவளை யாருமே கேட்டதில்லை, நான் உட்பட, என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.