பழுது காணப்படவில்லை

என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: குறை சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட சாமான்களைச் சோதித்து, சொன்னது மெய்யா பொய்யா என்று எழுதுவது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. காரின் முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கேமரா ஒட்டியிருக்குமே, எதிரே ஆள் வந்தால் தானாகவே பிரேக் போடுவதற்கு, அதை அங்கேதான் செய்கிறோம். பழுதென்று திரும்பி வருவதை மேசையில் பொருத்திப் பத்து நிமிடம் ஓட்டுவேன். ஒழுங்காக ஓடினால் ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதி, அதன் முதுகில் என் வட்ட முத்திரையைக் குத்துவேன். முத்திரையில் என் எண், பதினான்கு. கேமரா மறுபடியும் அதே காருக்குத் திரும்பிவிடும்.

சூட்டடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தும் சோதிக்க வேண்டும் என்று விதி உண்டு. வேலை குவிந்து கிடக்கும்போது அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? நான் பெரும்பாலும் அடுப்பைத் திறப்பதே இல்லை.

புகார்த் தாள்களைப் படிப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒரு தாளில், ‘சாலையில் யாருமே இல்லை, என் கார் யாரையோ பார்க்கிறது’ என்று மலாயில் எழுதியிருந்தது. எழுதியவர் ஒரு தமிழ் அம்மாள். பக்கத்து மேசைத் தோழியிடம் வாசித்துக் காட்டினேன்.

“பேய டெஸ்ட் பண்ண நம்மகிட்ட மெஷின் இல்லன்னு எழுதி அனுப்புலா,” என்றாள்.

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே குத்தினேன்.

அடுத்த வருடம் ஜுருவில் பழைய கார் ஒன்று வாங்கினோம். “ஒரு அம்மா ஓட்டின காடி அக்கா, ஒரு கீறல் கிடையாது,” என்றான் விற்றவன். கீறல் இல்லாத காரை அந்த அம்மா ஏன் இவ்வளவு சீக்கிரம் விற்றார் என்று நான் கேட்கவில்லை. இனாம் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் நான் இல்லை. இது இனாமும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்போது எனக்கு மதிய ஷிப்ட். ஒன்றரை மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு, கடலோர நெடுஞ்சாலையில் போய், அவளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். அவளுக்கு எட்டு வயது. வாங்கிய இரண்டாம் வாரம், கடல்மேல் போகும் பாலத்துக்குப் பிரியும் சாலைக்குச் சற்று முன்னால் அது நடந்தது. உச்சி வெயில். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. திடீரென்று பீப் பீப் என்று அலறியது. மீட்டரில் சிவப்பாக ஒரு மனித உருவம் எரிந்தது. என் கால் பிரேக்கைத் தொடவே இல்லை. கார் தானாகக் குத்திட்டு நின்றது.

சாலையைப் பார்த்தேன். யாருமில்லை. வெயில் மட்டும் தாரின் மேல் நெளிந்துகொண்டிருந்தது. மீட்டரில் அந்தச் சிவப்பு ஆள் அப்படியே நின்றான். நான்கைந்து நொடி இருக்கும், அணைந்தான்.

மறுநாளும் ஏறத்தாழ அதே இடம். அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் எடுத்துக்கொண்டு போய் இரண்டு நடை ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. “உனக்குத் தூக்கம் பத்தல,” என்றார். மாமியாரோ, “உச்சி நேரத்துல முனி நடக்கிற எடம்மா அது. அந்தப் பக்கம் புள்ளய ஏத்திக்கிட்டுப் போகாத,” என்றார். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் அந்த இடம் நெருங்கியதும் என் வாய் தன்பாட்டுக்கு, “வழி விடுப்பா” என்றது. அவன் விடவில்லை.

ஜுரு பட்டறைக்குப் போனேன். முகப்பில் இருந்த தம்பி நல்லவன். இரண்டு முறை காரை வாங்கி வைத்துக்கொண்டு, குளிரூட்டிய கூடத்தில் கணினியைச் சொருகிப் பார்த்தான். இரண்டாம் முறை ஒரு தாளை நீட்டினான். அதில் ‘பழுது காணப்படவில்லை’ என்று இருந்தது. ஆயிரம் தடவை நான் எழுதிய வாசகம். அதை வாங்கிக்கொள்கிற பக்கத்தில் நின்று படித்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அந்த வாரமே ஒரு லோரி பின்னால் வந்தது. கார் குத்திட்டு நின்றதும், பின்கண்ணாடி முழுக்க லோரியின் முகம். ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றது. மகளின் தண்ணீர்ப் போத்தல் பறந்து அவள் உதட்டைக் கிழித்திருந்தது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, “நாளையிலேருந்து நான் ஸ்கூல் வேன்ல போறேன்மா,” என்றாள். என்னைப் பெற்றவள் மாதிரி அவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் அழுதேன்.

மாமியார் வென்றார். முனீஸ்வரர் கோயிலில் காருக்குப் பூசை போட்டு, சுருட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். மூன்று நாள் அவன் வரவில்லை. நானே நம்பிவிட்டேன். நான்காம் நாள், நான் தனியாக வேலைக்குப் போகும்போது வந்தான்.

அன்று காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அந்த மூன்று நாளும் மழை. கணவர் ஓட்டியது காலையில். பட்டறையில் குளிர். எனக்கு மட்டும்தான், பள்ளி வாசலிலும் வீட்டு வாசலிலும் வெயிலில் வெந்த கார்.

மறுவாரம் விடுப்புப் போட்டுவிட்டு ஜுருவுக்குப் போய், காரை மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தினேன். பிறகு அந்தத் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். ஆளில்லாத நேர்ச்சாலை. பத்தாவது நிமிடம் சிவப்பு ஆள் எரிந்தான், கார் நின்றது. தம்பி முன்னால் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், மறுபடி முன்னால் பார்த்தான்.

“முருகா,” என்றான். பிறகு, “கேமராவக் கழட்டி, செஞ்ச கம்பனிக்கே அனுப்பிடுறேன்கா. வேற ஒண்ணு மாட்டித் தரேன்.”

அது நான் வேலை செய்கிற கம்பனிதான் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் அது என் மேசைக்கு வந்தது. என் கையெழுத்திலேயே புகார்த் தாள். பெட்டியைப் பிரித்து, கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஏற்கெனவே ஒரு வட்ட முத்திரை, கொஞ்சம் மங்கியிருந்தது. பதினான்கு.

வரிசை எண்ணைக் கணினியில் தட்டினேன். பழைய தாள் திரையில் வந்தது. ‘சாலையில் யாருமே இல்லை, என் கார் யாரையோ பார்க்கிறது.’

அன்று அடுப்பைத் திறந்தேன். எல்லாரும் சாப்பிடப் போன நேரம். கேமராவைச் சூட்டில் வைத்து, அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியே எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் சுவர் சுவராகவே இருந்தது. பிறகு திரையில் அந்த வெற்றுச் சுவருக்கு முன்னால் சிவப்பாக ஒரு ஆள் வந்து நின்றான். காரணம் தெரிந்த பிறகும் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

‘பழுது உண்டு’ என்று எழுதினேன். பழைய தாளில் அந்த அம்மாளின் தொலைபேசி எண் இருந்தது. அதைத் தொட எனக்கு உரிமை கிடையாது. குறித்துக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து அழைத்தேன்.

“அக்கா, உங்க பழைய காடிய வாங்குனவ பேசுறேன். நீங்க எழுதிக் குடுத்தது சரிதான். கேமரா கோளாறு, கண்டுபிடிச்சாச்சு.”

மறுமுனையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப எனக்குப் புத்தி கெடலயாம்மா?” என்றார். “எல்லாரும் என்னயத்தான் சொன்னாங்க. வீட்டுக்காரரு சாவிய வாங்கி வச்சிக்கிட்டாரு. அதுக்கப்புறம் நான் காடியே எடுக்கறதில்ல.”

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“கம்பனிக்கே அனுப்புனோம்மா. அங்க டெஸ்ட் பண்ணவங்க ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க. அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல?”

கூடத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உதட்டில் தழும்பு இன்னும் மறையவில்லை.

“இருக்குக்கா,” என்றேன்.