தட்டில் வடிந்த தண்ணீர்

நாகப்பட்டினத்தில் வாடகை வீட்டு மொட்டை மாடியில், கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டிகளில் கத்தரி வைத்திருந்தேன். மண் கிடையாது என்பதால் உரத்தைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். அடியில் தட்டு வைத்து, வடிந்ததைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிவிடுவேன். கடைமடையில் விவசாயம் பார்த்தவளுக்குத் தண்ணீரைக் கீழே கொட்ட மனசு வராது.

இலை ஓரமெல்லாம் கருகியது. சத்துக் குறைவென்று உரத்தைக் கூட்டினேன். பூவும் பிஞ்சும் உதிர்ந்தன. குவைத்தில் வேலை பார்க்கும் கணவருக்கு வீடியோ காலில் காட்டினேன்.

“தொட்டி மேல வெள்ளையா உப்பு பூத்திருக்கே, தெரியலையா? பக்கத்துல இறால் குட்டை போட்டு உப்புத் தண்ணி ஊறுனப்ப நம்ம வயல்ல பூத்தது இதுதானே. வடியிற தண்ணிய என்ன பண்றே?”

“திரும்ப அதுக்கேதாங்க ஊத்துறேன்.”

“உரத்து உப்பெல்லாம் அதுலதான் இருக்கும். நல்ல தண்ணி விட்டு அலசி, வடியிறத வெளிய கொட்டு.”

அப்படியே செய்தேன். செடிகள் துளிர்த்தன. இப்போது வாரம் ஒருமுறை வெறும் தண்ணீர் விட்டு அலசி, தட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறேன்.

தொட்டிக்கு ஒரு குடம் போதுமாக இருந்தது. எங்கள் வயலை அலசத்தான் காவிரித் தண்ணீர் கடைமடை வரை வரவில்லை. வந்திருந்தால் அவர் குவைத்துக்குப் போயிருக்க மாட்டார். நானும் மொட்டை மாடியில் நாலு கத்தரிச் செடியைக் கட்டிக்கொண்டு அழ மாட்டேன்.