வடிவக்கா கடையில் சோறு அளப்பதில்லை

1964ஆம் ஆண்டு ஆனி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, குற்றாலத்தில் சாரல் கட்டிய அன்று காலையில், செல்லச்சாமி தன் கரண்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கொல்லத்துக்கு ரயிலேறினார். சமையல்காரர் ஊரை விட்டுப் போகும்போது மாற்றுவேட்டியை மறந்தாலும் மறப்பார், கரண்டியை மறக்கமாட்டார். கரண்டி தொங்கிய ஆணி வெறுமையாக இருந்ததைப் பார்த்த பிறகுதான், சாயங்காலம் அவர் திரும்பப்போவதில்லை என்று அவர் மனைவி வடிவம்மாளுக்குத் தெரிந்தது.

சண்டை ஒரு பலகையால் வந்தது. ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை அவர்களுடையது. செல்லச்சாமி சமைப்பார், வடிவக்கா பரிமாறுவார். அந்த வருஷம் அரிசி சந்தைக்குச் சந்தை விலை ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி, இனிமேல் யாரும் கேட்கக் கேட்கச் சோறு போடுவதில்லை, கிண்ணத்தில் அளந்து ஒரே தடவைதான் என்று முடிவு செய்தார்கள். ‘அளவுச் சாப்பாடு’ என்று நீல எழுத்தில் எழுதிய பலகை கடைக்கு ஒன்றாக வந்தது. கூட்டத்தைக் கூட்டியவர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. பேரருவிக்குப் பக்கத்தில் மாடி வைத்த ஓட்டல் அவருடையது.

செல்லச்சாமி பலகையை வாசலில் மாட்டினார். வடிவக்கா அதைக் கழற்றி, ஆடிக்கொண்டிருந்த அம்மிக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டார்.

“ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? அருவியில குளிச்சிட்டு வாரவன் லேசாவா திங்கான்? ஒருத்தன் மூணு ஆளு சோறு திங்கான். இந்த வெலையில மண்ணையா அள்ளிப் போட?”

“பசிச்சு வாரவனுக்குத்தானே கடை வச்சிருக்கோம்? பசிக்காதவன் இங்கன எதுக்கு வாரான்?”

“ஊரே அளக்குது.”

“அளக்கட்டும். நீரும் வேணும்னா அங்கன போயி அளந்து போடும்.”

“கெழங்கு தின்னு வளந்தவளுக்குச் சோத்தோட அருமை எங்க தெரியும்?”

இது கடைசியாகச் சொன்னது. மறுநாள் காலையில் கரண்டி இல்லை.

கிழங்கு என்றது மரவள்ளியை. வடிவக்கா செங்கோட்டைக்காரர். அவர் சிறுமியாக இருந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. யுத்தம் வந்து பர்மா அரிசி நின்றதும், காசு வைத்திருந்தவர்களுக்குக்கூட அங்கே அரிசி கிடைக்கவில்லை. சனங்கள் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தின்றார்கள். தோலை முற்றத்தில் போடாமல் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அடுப்பில் அரிசி வைக்காத வீட்டிலும் தெருவில் கேட்கும்படி உரலை வெறுமனே இடித்தார்கள். தென்காசிப் பக்கத்தார் அவர்களைக் ‘கெழங்கு தின்னி’ என்று கேலி பேசினார்கள்.

அதையெல்லாம் வடிவக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்காமல் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஊரில் கஞ்சி ஊற்றினார்கள். ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை. ஊற்றுகிறவர் சிரட்டையில் கஞ்சியை மொண்டதும், விளிம்புக்கு மேலே நிற்கிற பருக்கையை ஆள்காட்டி விரலால் வழித்து மறுபடி அண்டாவில் தள்ளுவார். வடிவக்காவின் தம்பி அந்தப் பருக்கை விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பானாம்.

“ஊத்துனவரு மொகம் மறந்துபோச்சு எனக்கு. அந்த வெரலு மட்டும் இன்னும் கண்ணுல நிக்கி. என் கை அந்த வேலையச் செய்யாது.”

செல்லச்சாமி போன சேதி கேட்டு, இரண்டு நாள் கழித்துக் குற்றாலிங்கம் அண்ணாச்சியே குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்ன தாயி, பலகையக் காணோம்?”

“அம்மிக்கடியில இருக்கு அண்ணாச்சி. நல்ல தேக்கு. ஆடாம நிக்கி.”

“வெளையாடாத. யுத்த காலத்துல நாம படாத பாடா? அளந்துதான குடிச்சோம்? அதப் பாக்க இதெல்லாம் ஒரு கஷ்டமா? கொஞ்சம் பொறுத்துக்கிடணும்.”

“அன்னிக்கி அரிசி இல்ல, அளந்தாங்க. இன்னிக்கி ஒங்க மாடியில அடுக்கியிருக்க மூடை ரோட்டுல போற எனக்கே தெரியுது. அன்னிக்கிப் பட்டோம்ங்கதுக்காக இன்னிக்கும் படணும்னு எங்க எழுதியிருக்கு?”

“வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.”

“அதையும் கிண்ணத்துல அளக்கணுமா?”

அண்ணாச்சி குடையை விரித்தார். “புரட்டாசி பொறந்தா அடுத்த வருஷ வாடகைய முன்கூட்டிக் கட்டணும். கட்டலன்னா எடம் கைமாறிரும். ஞாபகத்துல வச்சிக்கோ.”

அந்த இடத்தில் சாமான் கொட்டகை போட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. அது வடிவக்காவுக்கும் தெரியும். கடை போனால் போக வேறு இடம் இல்லை. செங்கோட்டையில் தம்பி வீட்டுத் திண்டாட்டமே தம்பிக்குப் போதும்.

கணக்குப் பார்த்தால் செல்லச்சாமி சொன்னதுதான் சரி. இதை நான் மறைக்கப்போவதில்லை. ஐந்தருவித் தண்ணீரைத் தலையில் அரை மணி நேரம் வாங்கிவிட்டு வருகிறவன் பசி சாதாரணப் பசி இல்லை. முதல் வாரமே, வெயில் உச்சிக்கு வருமுன் பானை காலி. கல்லாவில் இருந்தது மறுநாள் அரிசிக்கே போதவில்லை.

அப்போதுதான் பண்பொழியிலிருந்து மரவள்ளி கொண்டுவந்து விற்கிற ராபியா, கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அக்கா, சோத்துக்கு முன்ன இதுல ரெண்டு துண்டு எலையில வையேன். பாதி வயிறு அடைஞ்சிரும்லா” என்றாள்.

அரிசியோடு பார்த்தால் கிழங்கு விலை கால்வாசிகூட இல்லை. வைத்தார்கள். முதல் பந்தியிலேயே மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இலையைப் பார்த்ததும் எழுந்துவிட்டது. “என்னம்மா இது, பஞ்சத்துக்குத் திங்கிற கிழங்கைப் போட்டு ஏமாத்துறீங்க? நாங்க காசு குடுத்துத்தானே சாப்பிடுறோம்?” என்றார் அந்த வீட்டுக்காரர். அவர் மனைவி இலையை மூடவும் இல்லை. சாப்பிட்டால்தானே மூடுவதற்கு?

ராபியா அழுதுவிட்டாள். வடிவக்கா இலைகளை எடுத்து மாட்டுக்குப் போட்டார். அவர் முகம் அன்று முழுக்கக் கல்லாக இருந்ததாம். கதவைச் சாத்திக்கொண்டு தின்ற காலம் இருபது வருஷம் கழித்து வாசலுக்கு வந்து நின்று, எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்திருக்கும்.

மறுநாள் மழை. குளித்துவிட்டு வந்த ஒரு ஆள், ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டு, சாப்பிட வராமல் நேரே அடுப்படிக்கு வந்து கையை அனலில் காட்டினான். பல் கிட்டியிருந்தது. வடிவக்கா பானையிலிருந்து ஆவி பறக்கிற ஒரு துண்டு கிழங்கை எடுத்து, காந்தாரி மிளகாயும் உள்ளியும் நசுக்கிய சம்மந்தித் துவையலில் ஒற்றி, வாழை இலைக் கீற்றில் வைத்துக் கொடுத்தார். அவன் நின்றபடியே தின்றான். இன்னொன்று கேட்டான். பிறகு இன்னொன்று. அதன்பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டு, போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்தான்.

வடிவக்கா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிழங்குப் பானையை இரண்டு கையாலும் தூக்கினார்.

“எங்கக்கா தூக்கிட்டுப் போறிய?” என்றாள் ராபியா.

“ரோட்டுக்கு.”

அடுப்பு சாலையோரத்துக்கு வந்தது. கடைக்குப் பின்னால் புதைக்க வேண்டியதை ஊர் பார்க்க வைத்தார். அம்மிக்கு அடியில் கிடந்த பலகையை உருவித் திருப்பி, பின்பக்கத்தில் கரியால் எழுதினார்: ‘சோறு அளவில்லை. கிழங்கு சும்மா.’ அம்மி மறுபடி ஆடத் தொடங்கியது.

உலர்ந்த உடம்போடு இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்குக் கிழங்கு அவமானமாக இருந்தது. நடுங்குகிறவனுக்கு அது சூடாக இருந்தது, அவ்வளவுதான். வக்கீல்கள் தின்றார்கள். நகை போட்ட பெண்கள் ஈரப் புடவையோடு, காரத்தில் உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டு தின்றார்கள்.

“எதுக்கம்மா சும்மா குடுக்குற?” என்று ஒருவர் கேட்டார்.

“ஒங்க வயித்துல பாதிய அடைக்கத்தான் அண்ணாச்சி. அரிசி விக்கிற வெலைக்கு மொத்தத்தையும் சோத்தாலயே அடைக்க என்னால ஆவுமா? மீதிக்கு உள்ள வாங்க. கேக்கக் கேக்கப் போடுதேன்.”

கேட்டவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வந்தவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் சிரித்தார்கள். ஏமாற்றுகிறவள் இப்படிச் சொல்லிவிட்டா ஏமாற்றுவாள்?

ஆடியில் ஒரு வாரம் சாரல் நின்று, அருவி நூலாகிப்போனது. ஆள் வரவில்லை. அந்த வாரம் வடிவக்கா காதில் கிடந்ததைக் கழற்றிவிடுவார் என்று கடைத்தெருவே எதிர்பார்த்தது. கழற்றவில்லை. கிழங்கை மட்டும் அவித்து, விறகு வெட்டுகிறவர்களுக்கும் தோப்பு வேலைக்காரர்களுக்கும் விற்றார். அவர்கள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மறுபடி தண்ணீர் விழுந்தபோது புதிதாகச் சிலர் சாப்பிட வந்தார்கள். மத்தியானக் கூட்டம் அடங்கிய பிறகு வருவார்கள், மூலையில் சுவரைப் பார்த்து உட்காருவார்கள், பேசாமல் தின்பார்கள். மூன்றாம் நாள் அவர்களைத் தேடிக்கொண்டு குற்றாலிங்கம் அண்ணாச்சி வந்தார். அவருடைய ஓட்டலில் கிண்ணத்தால் சோறு அளக்கிற ஆட்கள்தான் அவர்கள்.

“ஏலே! நம்ம கடையில சோறு இல்லையால?”

கையில் உருட்டிய சோற்றோடு நாலு பேரும் அப்படியே இருந்தார்கள். அவர்களில் மூத்தவன் மெதுவாகச் சொன்னான்: “இருக்கு மொதலாளி. எங்களுக்கும் ஒரு கிண்ணம்தான.”

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வடிவக்கா சிரிக்கவில்லை. ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். “அண்ணாச்சி, நீங்களும் இருங்க. வந்தவங்க சும்மா போக வேண்டாம்.”

அண்ணாச்சி உட்காரவில்லை. ஆட்களை விரட்டவும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் வாடகைப் பேச்சையும் அவர் கடைத்தெருவில் எடுக்கவில்லையாம். எடுத்திருந்தாலும் பயன் இல்லை. புரட்டாசி பிறந்த அன்று காலையிலேயே வடிவக்கா பணத்தைக் கட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்டினார். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காதில் கிடந்தது காதிலேயே இருந்தது.

அதற்கடுத்த வருஷங்கள் இன்னும் மோசம். ஒருநாள் தென்காசி முழுக்கத் தேடியும் அரிசி இல்லை. கடையில் மிஞ்சியிருந்ததைக் கஞ்சி வைத்து, சாப்பிட வந்தவர்களோடு இருந்த குழந்தைகளுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, பலகையில் மாற்றி எழுதினார்: ‘இன்று சோறு இல்லை. கிழங்கு உண்டு. அளவில்லை.’

இந்தக் கதையை அவரும் ராபியாவும் மாற்றி மாற்றி எனக்குச் சொன்னது 1968ஆம் ஆண்டு சீசனில். வேலைக்கு வேலை, ஊருக்கு ஊர் என்று ஆறு வருஷம் வடக்கே சுற்றிவிட்டு நான் அப்போதுதான் வந்திருந்தேன். போன இடமெல்லாம் விடுதியில் கிண்ணச் சோறுதான் தின்றிருந்தேன், ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதனால்தான் கேட்டேன்: “அன்னைக்கு நிஜமாவே அரிசி இல்லையே அக்கா. இருந்த கொஞ்சத்தை அளந்து எல்லாருக்கும் போட்டிருக்கலாமே?”

“போட்டிருக்கலாம். பிள்ளைகளுக்கு ஊத்துனது போதும்னு நெனச்சேன். பெரியாளுக்கு அளந்தேன்னு வையி, மறுநாளு அரிசி வந்தாலும் கை அளக்கத்தான் செய்யும். இப்ப வெலை கொஞ்சம் எறங்கியிருக்குல்லா? அண்ணாச்சி கடையில போயிப் பாரு. கிண்ணம் பெருசாயிருக்கா?”

போய்ப் பார்த்தேன். பெரிதாகவில்லை. பழைய கிண்ணம்தான், அடியை மட்டும் கொஞ்சம் உள்ளே தட்டி வைத்திருந்தார்கள்.

செல்லச்சாமியைப் பற்றி வடிவக்காவாகப் பேசமாட்டார். ராபியாதான் சீசனுக்குச் சீசன் கிண்டுவாள். “அக்கா, ஆளு ஒருநா வந்து நின்னா என்ன செய்வ?”

“எலை போடுவேன். பசின்னு வாரவனுக்குப் போடத்தான் கடை.”

“பொறவு?”

“மொதல்ல ரோட்டுல நின்னு கெழங்கு திங்கட்டும். பொறவப் பொறவு பாப்போம்.”

அந்த ஆடியில் ஒரு மத்தியானம், புளியங்குடியிலிருந்து கொல்லத்துக்கு எலுமிச்சை ஏற்றிப்போகிற லாரி ஓட்டுநர் துல்கர்னைன், திரும்புகிற வழியில் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி இறங்கினார். கிழங்குப் பானைக்கு முன்னால் நின்று பலகையை ஒரு தடவை வாசித்தார்.

“வடிவம்மாள் கடை இதானா?”

“இதான். கெழங்கு எடுங்க.”

“எடுக்கேன். ஒரு சேதி இருக்கு. கொல்லத்துல நான் சாப்பிடுற ஓட்டல்ல ஒங்க ஊர்க்காரரு ஒருத்தரு சமைக்காரு. கரண்டிய மட்டும் யாருக்கும் குடுக்கமாட்டாரு. நான் இந்தப் பக்கம் வாரேன்னதும் சொல்லச் சொன்னாரு.” துல்கர்னைன் அவர் சொன்னதை அப்படியே சொன்னார்:

“இங்கன சமைக்கிறவனுக்கும் அளந்துதான் போடுதாங்க. நாலு வருஷமா வயிறு நெறயல. அங்கன வந்தா எனக்கு எலை உண்டுமான்னு கேளு. கெழங்கும் திங்கேன்னு சொல்லு.”