கம்ப்ரசரின் சுடுகாற்றும் பாக்கியத்தின் துணிகளும்

போன வாரம் ஈப்போவில் என் மகள் வீட்டுக்கு ஏர்கான் சர்வீஸ் செய்ய ஆள் வந்திருந்தார். பால்கனியில் இருக்கும் வெளிப்பெட்டியைக் கழுவித் துடைத்து ஓடவிட்டார். ஈரத் தகரமும் சூடான தூசியும் கலந்த ஒரு வாடை காற்றோடு வந்து முகத்தில் அடித்தது. நான் என்னையறியாமல் கையிலிருந்த ஈரத் துண்டை அந்தக் காற்றுக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்னாம்மா செய்றீங்க?" என்றாள் மகள். அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் அலுவலகத்துக்கு நேரமாகிவிடும். உங்களுக்கு அவசரமில்லை என்று நினைக்கிறேன்.

நான் பிறந்தது கேமரன்மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். பள்ளி முடிந்ததும் கொழுந்தெடுக்கப் போனேன். என் கூடை எப்போதும் பாதிதான் நிறையும். "நீ கொழுந்து எடுக்க வந்தியா, கொழுந்துகிட்ட கதை பேச வந்தியா?" என்று கங்காணி கேட்பார். கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால், எண்பதுகளின் தொடக்கத்தில் திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும், வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அந்தத் தோட்டத்து முதலாளி அருணாசலம். நாங்கள் தவுக்கே என்போம். செவ்வந்திப் பூவைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, லோரியில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்புவார். லோரி வரும்வரை பூ வாடாமல் இருக்க, அந்த வருஷம் ஒரு குளிர் அறை கட்டியிருந்தார். லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "இந்த மலையில போயி குளுரு மெஷின் வாங்கியிருக்காரு லா" என்று என் அப்பாவே சொன்னார். ஆனால் பூவுக்கு வேண்டிய குளிர் வேறு. மலைக்குளிர் பகலில் ஏறும், இரவில் இறங்கும். பூவுக்கு ஏறாமல் இறங்காமல் ஒரே குளிர் வேண்டும்.

அறைக்குப் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, அந்த மெஷின் இருந்தது. கம்ப்ரசரும் காற்றாடியும் உள்ள இரும்புப் பெட்டி. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தானா ராத்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மெக்கானிக் சிவா அண்ணன், அதைப் பொருத்திய அன்றே என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கம்ப்ரசரின் அடிவயிற்றில் எண்ணெயைச் சூடாக வைத்திருக்க ஒரு வளையம் சுற்றியிருந்தது. மெஷின் ஓடாத நேரத்திலும் அதற்குக் கரண்டு போய்க்கொண்டிருக்க வேண்டும், மலைக்குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிடக் கூடாது என்றார். நின்ற மெஷினை உடனே தட்டி எழுப்பக் கூடாது என்றார். போகும்போது திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார்: "முன்னால ஊதுற காத்த விடு, பின்னால இழுக்குற காத்துதான் அதுக்கு உசுரு. அந்தப் பக்கம் ஒண்ணும் மறைக்கக்கூடாது."

முன்னால் ஊதும் காற்று சூடாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தவள் பாக்கியம்.

பாக்கியத்தின் வீட்டுக்காரர் வேலு எங்கள் கொட்டகையில் பூக் கட்டுபவர். பின்னால் இருந்த தவுக்கேயின் பலகை வீட்டில் குடியிருந்தார்கள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மலையில் மழைக்காலம் என்றால் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, துணி காயாது. நாளெல்லாம் கொடியில் கிடந்தாலும் தொட்டால் சில்லென்றிருக்கும். அடுப்புக்கு மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் குழந்தைத் துணிகளைப் போட்டுக் காயவைப்பாள். பிள்ளைகள் இரண்டும் புகை வாடையோடு இருமிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் கம்ப்ரசர் ஓடும்போது அதன் முன்னால் நின்று, "ஏ பிள்ள, இங்க வந்து பாரேன். வெயில் மாதிரியே இருக்கு" என்றாள். மறுநாள் அங்கே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. நான் முன்பக்கம் மட்டும்தான் என்று கறாராகச் சொன்னேன். அவளும் அதை மீறவில்லை. பிள்ளைகளின் இருமல் குறைந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருநாள், அறை நிறையச் செவ்வந்தி. மறுநாள் விடியலில் லோரி வரும். முன்பகலில் பெருங்காற்றோடு மழை. மழை கொஞ்சம் ஓய்ந்தபோதுதான் கவனித்தேன், மெஷின் சத்தம் இல்லை. கதவோரத்து வெப்பமானி ஏறிக்கொண்டிருந்தது.

தவுக்கே ஓடிவந்து, நின்ற மெஷினை மறுபடி கிளப்பும் சிவப்புப் பித்தானை அமுக்கினார். மெஷின் முனகிக்கொண்டு கிளம்பி, கொஞ்ச நேரத்தில் பட்டென்று நின்றது. மறுபடி அமுக்கினார். மறுபடி நின்றது.

"தவுக்கே, போதும். சிவா அண்ணன் வரட்டும்" என்றேன்.

"பூவெல்லாம் போயிரும் பிள்ள" என்றார். ஆனாலும் கையை எடுத்தார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வேலு, குளிர் வெளியே போகாமல் கதவிடுக்கில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார்.

சந்திக் கடைக்கு ஆள் அனுப்பி ஃபோன் செய்ததும், சிவா அண்ணன் நனைந்தபடி வந்து சேர்ந்தார். நேராகப் பெட்டியின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு வெள்ளைத் துணி, பற்றுப் போட்டதுபோல் கம்பித் தகடுகளோடு ஒட்டிக் கிடந்தது. காற்றில் பறந்து போனதை மெஷினே இழுத்துப் பிடித்து வைத்திருந்தது.

"மூச்சு முட்டிப் போச்சு. சூடு தாங்காம உள்ள இருக்குற காவல் சுவிட்சு நிப்பாட்டிருச்சு. இல்லன்னா கம்ப்ரசர் வெந்திருக்கும்" என்று துணியை உரித்தெடுத்தார்.

"யாரு துணி அது?" என்றார் தவுக்கே.

பாக்கியம் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "என் பிள்ளைங்க துணிதான் தவுக்கே."

தவுக்கே அவளைப் பார்க்கவில்லை. வேலுவைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாசத்தோட வீட்ட காலி பண்ணிரு."

மழைக்காலத்தில் இரண்டு கைக்குழந்தைகளோடு எங்கே போவார்கள் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

தவுக்கேயின் மனைவி லெட்சுமி அக்கா பூக் கட்டும் மேசையிலிருந்து எழுந்து வந்தார். சிவா அண்ணன் கையிலிருந்த துணியை வாங்கி, பிழிந்து, உதறி, கரையைத் தவுக்கே கண்ணுக்கு நேராகக் காட்டினார்.

"இது யாரு வேட்டின்னு தெரியுதா?"

தவுக்கே பார்த்தார்.

"தேர்த் திருவிழாவுக்கு நீங்க கட்டுன வேட்டி. பிள்ளைங்களுக்கு மெத்துன்னு இருக்கட்டும்னு நான்தான் கிழிச்சிக் குடுத்தேன். காலி பண்ணணும்னா நானும்தானே பண்ணணும்?"

சிவா அண்ணன் சட்டென்று குனிந்து கருவிப்பெட்டிக்குள் எதையோ தேடினார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. தவுக்கே தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

மெஷின் ஆறும்வரை காத்திருந்து சிவா அண்ணன் பித்தானை அமுக்கினார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். சீராக ஓடியது. வெப்பமானி மெல்ல இறங்கத் தொடங்கிய பிறகுதான் பாக்கியம் அழுதாள். செவ்வந்தி பிழைத்தது.

சாயங்காலம் பின்பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், தவுக்கே தூறலில் நின்று மரக்கம்புகளை நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிவா அண்ணன்.

"இவ்ளோ தள்ளி இருந்தா போதுமா?"

"இன்னும் ரெண்டு எட்டு தள்ளி நடுங்க தவுக்கே. அதுக்கும் ஊத எடம் வேணும்ல."

முன்பக்கம் துணி போடச் சட்டம். பின்பக்கம் ஒன்றும் ஒட்டாதபடி, சற்று விலக்கிக் கோழிவலை. மறுநாள் காலையில் பாக்கியத்திடம், "இந்தக் கம்பத் தாண்டி ஒரு துணி போகக்கூடாது" என்று மட்டும் சொன்னார். வீட்டைக் காலி செய்யும் பேச்சு அதன்பிறகு வரவேயில்லை.

அந்த மழைக்காலத்திலிருந்து மெஷினுக்கு முன்னால் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பள்ளிச் சட்டையும் சாரோங்கும் வாளியில் கொண்டுவருவார்கள். தவுக்கேயின் காலுறைகளும் நடுவில் தொங்கும். அறை போதுமான அளவு குளிர்ந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும். மறுபடி ஓடும்வரை எல்லோரும் கம்பில் சாய்ந்துகொண்டு பேசுவார்கள். மாமியார் கதை, கோலா தெர்லாவில் பெண் பார்த்த கதை, யாருக்கு எது பிறந்தது என்ற கதை. நடுவில் கம்ப்ரசர் உறுமினால், "வந்துட்டான்" என்று துணியைத் திருப்பிப் போடுவார்கள். மெஷின் அதிக நேரம் ஓடட்டும் என்று குளிர் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லி என்னிடம் கெஞ்சியவர்களும் உண்டு. கொழுந்திடம் கதை பேசியவள் என்று பெயர் வாங்கிய நான், அந்தக் கதவை மட்டும் ஒருநாளும் திறந்து வைத்ததில்லை.

தவுக்கேயும் லெட்சுமி அக்காவும் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஸ்ட்ராபெரி விற்கிறார்கள், முன்னால் கார் நிறுத்துகிறார்கள். பாக்கியம் சித்தியவானில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன வருஷம் பார்க்கப் போனேன். பளீரென்ற வெயில், வாசலில் நீளமான கொடி, அதில் ஒரு துணிகூட இல்லை.

"இங்க துணி போட்ட ஒடனே காஞ்சிடுது" என்றாள். "எடுத்து மடிச்சி வச்சிட்டு உள்ள போயிர்றேன். பக்கத்து வீட்டுக்காரி பேருகூட எனக்குத் தெரியாது லா."